முயலுக்கு நாய் மருந்து போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிய பக்கத்தில் முயலுக்கு என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. முடி கொட்டினால் வேப்பெண்ணெய் தடவச் சொல்லியிருந்தீர்கள். வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டச் சொல்லியிருந்தீர்கள். உண்ணி, செள்ளு இருந்தால் நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தையே விடலாம் என்றும் இருந்தது. முதல் யோசனை முயலுக்குத் தொல்லை, இரண்டாவது ஆபத்து, மூன்றாவது விஷம். எழுதியவர் நாய் வளர்த்த அனுபவத்தில் எழுதியிருப்பார் போலிருக்கிறது.

நான் கோபாலபுரம் பக்கம் கால்நடை மருந்துக் கடை நடத்துகிறேன். அப்பா வைத்த கடை, மருந்தாளுநர் படிப்பான டி.ஃபார்ம் முடித்துவிட்டு நான் கல்லாவில் உட்கார்ந்தேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர் எழுதுவதை எடுத்துக் கொடுப்பவள். இது தமிழ்நாடு-கேரள எல்லை ஊர் என்பதால் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்களும் வருவார்கள், அந்தப் பக்கம் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் தமிழர்களும் வருவார்கள். முன்பெல்லாம் மாட்டுக்குத் தாது உப்பு, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கோழிக்குச் சொட்டு மருந்து, இவ்வளவுதான் வியாபாரம். கொரோனா ஊரடங்கில் பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்தபோது தொடங்கியது இந்த முயல் ஆசை. இன்றைக்கு ஓட்டு வீட்டுத் திண்ணையிலும், தென்னந்தோப்புச் சாளை வீட்டிலும், மாட்டுக் கொட்டகை மூலையிலும் ஒரு கம்பிக் கூண்டு, உள்ளே இரண்டு வெள்ளை முயல்.

கடைக்கு வருபவர்கள் கேட்கும் விதமே தனி. வயசான கவுண்டர் ஒருத்தர் வந்து, "ஏனுங் அம்மிணி, நாய்க்குக் கழுத்துல ஊத்தற மருந்து ஒன்னு குடுங்" என்பார். "நாய் எத்தனை கிலோ இருக்குமுங்க?" என்று கேட்டால், "ஒன்றரைக் கிலோ இருக்கும்" என்பார். ஒன்றரைக் கிலோவில் நாய்க்குட்டிதான் இருக்கும். "குட்டிங்களா?" என்றால் அப்போதுதான், "இல்லீங், மொசலுங். பேத்தி வளக்குது, காதெல்லாம் சொறி" என்று விஷயம் வெளியே வரும். கேட்காமல் எடுத்துக் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைக்கு அடுத்த வாரம் முயல் இருந்திருக்காது.

நாய்களுக்கு விற்கும் உண்ணிச் சொட்டு மருந்துகளிலும் ஸ்பிரேக்களிலும் பெரும்பாலும் இருப்பது ஃபிப்ரோனில். நாய்க்கு அது நல்ல மருந்து. முயலுக்கு அது நரம்பைத் தாக்கும். மருந்து விட்ட அன்றே தெரியாமல் இருக்கலாம். தீனி எடுக்காது, மூலையில் சுருண்டு கிடக்கும், பிறகு வலிப்பு வரும். சில முயல்கள் சில நாள் கழித்துச் சாகும், அதனால் வீட்டில் யாரும் மருந்தைச் சந்தேகப்படுவதில்லை, சொறி முற்றிச் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மருந்து தயாரிப்பவர்களே உள்ளே வைக்கும் தாளில் முயலுக்குப் போடக்கூடாது என்று எழுதுகிறார்கள். அந்தத் தாள் பொடி ஆங்கில எழுத்தில் நான்காக மடிந்து கிடக்கும். யார் பிரித்துப் படிக்கப் போகிறார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூண்டு முயலுக்கு உண்ணி அதிகம் வராது. உண்ணியோடு வருவது காட்டு முயல்தான். கடலைக் காட்டில் களை எடுக்கும்போது குட்டி கிடைத்தது, தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று தூக்கி வருகிறார்கள், காதுக்குள் உண்ணி அப்பியிருக்கும். தாய் எங்கும் போகவில்லை. காட்டு முயல் குட்டியைப் புல்லில் பதுக்கிவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகு வந்து பால் கொடுக்கும். அதைத் தூக்கி வந்து வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்லித்தான் நான் அனுப்புகிறேன்.

சரி, கூண்டு முயலுக்கு வருவோம். முடி உதிர்ந்தால் எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே பெயர்தான், சொறி. அங்கேதான் தப்பு தொடங்குகிறது. முடி உதிர்வது நோயாகவே இல்லாமலும் இருக்கலாம். பருவத்துக்குப் பருவம் முயல் பழைய முடியை உதிர்த்துப் புது முடி போடும். தடவினால் கையோடு கொத்தாக வரும், பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். விலக்கிப் பாருங்கள். அடியில் புது முடி குட்டையாக முளைத்திருந்து, தோல் சிவக்காமல், பொருக்கு இல்லாமல், முயலும் சொறியாமல் இருந்தால் அதற்கு மருந்தே வேண்டாம். தினமும் சீப்பால் வாரிவிட்டால் போதும். வாராமல் விட்டால் அது தன்னை நக்கும்போது அந்த முடியெல்லாம் வயிற்றுக்குள் போகும். பூனை மாதிரி முயலால் கக்க முடியாது. புல் நிறையத் தின்றால்தான் அந்த முடி குடல் வழியே வெளியேறும்.

நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் முடி காணாமல் போனால், மருந்துக் கடைக்கு வருவதற்கு முன் கூண்டு மூலையைப் பாருங்கள். சினை முயல் குட்டி போடும் நேரத்தில் தன் முடியைத் தானே பிடுங்கிக் கூடு கட்டும். சினை 30 நாள், 31 நாள்தான். கொழிஞ்சாம்பாறைப் பாட்டி ஒருவர் இப்படித்தான் சொறிக்குக் களிம்பு வாங்க வந்தார். சந்தையில் விற்றவன் இரண்டும் பெட்டை என்று சத்தியம் செய்து கொடுத்தானாம். "வீட்டுக்குப் போய் அந்த முடிக் குவியலை விலக்கிப் பாருங்க பாட்டி" என்று அனுப்பினேன். மறுநாள் காலை போன் வந்தது, ரோஸ் நிறத்தில் ஐந்து குட்டி. பாட்டிக்குச் சந்தைக்காரன் மேல் கோபம், பேரனுக்குக் கொண்டாட்டம். சினை இல்லாமலேயே சினைபோல் உடம்பு ஏமாந்து முடி பிடுங்குவதும் உண்டு. அதுவும் தானே சரியாகிவிடும்.

உண்மையான சொறி வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் இதுதான்.

காதுச் சொறி முதலில். அன்றைக்குக் கவுண்டர் மறுபடி வந்தபோது முயலைத் தக்காளிப் பெட்டியில் வைத்துத் துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார். துண்டை விலக்கினால் ஒரு காது நிமிர்ந்திருக்கிறது, இன்னொரு காது பாரம் தாங்காமல் தொங்குகிறது. உள்ளே அடுக்கடுக்காகப் பழுப்புப் பொருக்கு, அடுப்பில் தீய்ந்த அப்பளத்தை உடைத்து அப்பிவைத்த மாதிரி. முயல் தலையைச் சிலுப்பும்போதெல்லாம் துகள் உதிர்கிறது, பின்னங்காலால் காதடியைப் பிராண்டிப் பிராண்டி அங்கே ரத்தம் கசிந்து காய்ந்திருக்கிறது. இதைச் செய்வது ஒரு சிற்றுண்ணி, முன்பு சொன்ன உண்ணி வேறு. கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தும் தெரியாமலும் ஊரும். இதைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் கை பரபரக்கும். நகத்தால் நோண்டி எடுக்கவும், பஞ்சைக் குச்சியில் சுற்றிக் குடையவும் பார்ப்பார்கள். செய்யவே கூடாது. பொருக்குக்கு அடியில் தோல் புண்ணாகியிருக்கும், பிய்த்தால் சதையோடு வரும். மருத்துவர் கொடுக்கும் மருந்தில் சிற்றுண்ணி செத்தால், பொருக்கு தானே காய்ந்து கழன்று விழும், பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சிற்றுண்ணி மூக்கு நுனி, உதடு, கண் இமை, விரல் இடுக்கு, நகத்தடி என்று பிடிக்கும். அங்கெல்லாம் சாம்பல் வெள்ளையில் தடிமனாகப் பொருக்கு கட்டும். அரிப்பு தாங்காமல் தீனியை மறக்கும், இளைக்கும். ஒன்றுக்கு வந்தால் கூண்டில் உள்ள எல்லாவற்றுக்கும் வரும், தூக்கி வைத்துக் கொஞ்சும் பிள்ளைகளின் கையிலும் கொஞ்ச நாள் அரிக்கும். மூன்றாவது ஒன்று பொடுகு மாதிரி வரும். தோள்பட்டைக்கு நடுவிலும் முதுகிலும் வெள்ளைச் செதிலாக இருக்கும். கறுப்புத் தாளை விரித்து அதன் மேல் முயலின் முடியைச் சீவிப் பாருங்கள். பொடுகு நகர்ந்தால் அது பொடுகு இல்லை. செல்லோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்து மருத்துவரிடம் கொண்டுபோனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் தடித்துப்போய், திரும்பித் தன் முதுகை நக்க முடியாத முயலுக்கும் அதே இடத்தில்தான் பொடுகு சேரும். அதற்கு வேண்டியது ஊசி இல்லை, பிஸ்கட்டை நிறுத்துவது.

சிற்றுண்ணிக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது ஐவர்மெக்டின் என்ற ஊசி மருந்து. இதை எல்லோரும் தெரிந்துகொண்டுவிட்டார்கள், அதுதான் எனக்குப் பயம். மாட்டுக்கு வாங்கின குப்பி வீட்டில் மிச்சம் இருக்கும், யாராவது வீடியோவில் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். அந்த 1 சதவீத மருந்தில் 1 மில்லிக்கு 10 மில்லிகிராம். 50 கிலோ உடம்புக்கு 1 மில்லி என்பது மாட்டுக் கணக்கு. இரண்டு கிலோ முயலுக்கு மருத்துவர் போடுவது 0.04-இலிருந்து 0.08 மில்லி வரைதான். இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு மூன்று கோடு. மாட்டுக்குப் போடும் 5 மில்லி சிரிஞ்சில் "கொஞ்சமா" அரை மில்லி இழுத்தால், அதுவே ஆறு மடங்குக்கு மேல். ஒரு ஊசியோடு முடியவும் முடியாது. முட்டையை அந்த மருந்து கொல்லாது, பொரித்து வருவதைக் கொல்ல இரண்டு வாரம் போல் இடைவெளி விட்டு மறுபடி போட வேண்டும். பாதிப் பேர் முதல் ஊசியில் குணமாகிவிட்டது என்று நின்றுவிடுகிறார்கள், அடுத்த மாதம் மறுபடி அதே காது. முயலுக்கு மருந்து போட்டுவிட்டுக் கூண்டை அப்படியே விட்டாலும் இதே கதைதான். பழைய வைக்கோலை எரித்து, கூண்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். கறிக்கு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊசி போட்ட முயலை மருத்துவர் சொல்லும் கெடு முடியாமல் அறுக்காதீர்கள், விற்காதீர்கள்.

வட்ட வட்டமாக முடி கொட்டி, ஓரத்தில் செதில் தெரிந்தால் படர்தாமரை. இது பூஞ்சை, மனிதருக்கு நன்றாகவே ஒட்டும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. முயலுக்கு மூக்கில், பிள்ளைக்குக் கன்னத்தில் என்று ஜோடியாக வருவதைப் பார்த்திருக்கிறேன். இதில் நடக்கும் கூத்து என்னவென்றால், வீட்டில் அம்மா பூசிக்கொள்ளும் படைக்களிம்பை முயலுக்கும் பூசுவார்கள். கடைகளில் விற்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும், பூஞ்சை மட்டும் உள்ளுக்குள் பரவும். மனிதருக்கே அது கெடுதல். முயலுக்கு ஸ்டீராய்டு இன்னும் மோசம், அதன் எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவிடும். போதாக்குறைக்கு அது பூசியதையெல்லாம் நக்கிவிடும்.

நக்குவது என்றதும் வேப்பெண்ணெய்க்கு வருகிறேன். வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய், இவையெல்லாம் நம் பாட்டிமார் கைவைத்தியம், நானும் மதிக்கிறேன். ஆனால் முயல் நாளெல்லாம் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. மேலே தடவியது எல்லாம் வயிற்றுக்குத்தான் போகும். கற்பூரம் உள்ளே போனால் விஷம். எண்ணெயில் முடி சிக்குப் பிடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியே விடும். பங்குனி சித்திரையில் பாலக்காட்டு வெயிலில் அதை எண்ணெயில் ஊறவைத்தால் என்ன ஆகும்? வாயால் கொடுக்கும் மாத்திரைக்கும் இதேதான். பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் மிச்சம் இருக்கிறதே என்று புண்ணுக்குக் கரைத்துக் கொடுக்கிறார்கள். முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அது அழித்துவிடும், கழிச்சல் கண்டு சாகும். புண் ஆறுவதற்குள் முயல் போய்விடும்.

குளியல் பற்றி. முயலுக்குக் குளியல் தேவையே இல்லை. அடர்ந்த முடி நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்பு சில்லிட்டுப் போகும். தண்ணீரைக் கண்ட பயத்தில் அதிர்ச்சியிலேயே உயிர் விடும் முயலும் உண்டு. உதறி உதைக்கும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும், பின்னங்கால் இரண்டும் செயலிழந்து இழுத்துக்கொண்டு கிடக்கும். பின்புறம் மட்டும் அழுக்கானால் ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து உடனே உலர்த்துங்கள். ஏன் அழுக்காகிறது என்பதையும் பாருங்கள். முட்டைக்கோசும் கேரட்டுமாகப் போட்டுப் புல்லைக் குறைத்தால் புழுக்கை இளகி ஒட்டும். பல் நீண்டு வளர்ந்துவிட்டால் வாயில் எச்சில் வழிந்து தாடை முடி கொட்டும், அதற்கும் சொறி மருந்து கேட்டு வருகிறார்கள். அருகம்புல், கோ-4 தீவனப்புல், காய்ந்த புல், இவைதான் அன்றாடத் தீனி, முருங்கைத் தழையும் வேலிமசால் தழையும் கைப்பிடி.

அடுத்தது கம்பி. இந்தக் கூண்டுகளை வெல்டிங் பட்டறையில் கோழிக்கூண்டு அளவில் அடித்துக் கொடுக்கிறார்கள், அடியிலும் கம்பி. நாய், பூனைக்கு உள்ளங்காலில் மெத்தை உண்டு, முயலுக்குக் கிடையாது, முடி மட்டும்தான். கம்பியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அந்த முடி தேய்ந்து, குதிகால் சிவந்து, தோல் வெடித்துப் புண்ணாகும். முற்றினால் எலும்பு வரைக்கும் போகும். மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மடியில் வைத்துப் பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். கூண்டில் பாதிக்கு ஒரு பலகையைப் போட்டு மேலே வைக்கோல் பரப்புங்கள். மூத்திரம் ஊறியதை அன்றாடம் மாற்றுங்கள்.

இப்போது இதை எழுத அவசரம் மழைதான். இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் திண்ணை வரைக்கும் அடிக்கும், வைக்கோல் காயாது, ஈ மொய்க்கும். பின்புறம் ஈரமாகவும் அழுக்காகவும் இருக்கும் முயலில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற பினாயிலையும் டர்பன்டைனையும் அதில் ஊற்றாதீர்கள். முயலின் தோல் காகிதம் போல் மெலிசு, வெந்துவிடும். அந்த நிலையில் காலை வரை காத்திருக்கவும் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் காலை மாலை இரண்டு வேளையும் வாலடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

எங்கே போவது என்பதுதான் அடுத்த கேள்வி. அரசுக் கால்நடை மருந்தகத்துக்கு முயலைக் கொண்டுபோகக் கூச்சப்படுகிறார்கள், மாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள் என்று. சிரித்தால் சிரிக்கட்டும். அங்கேயும் பார்ப்பார்கள், கேரளப் பக்கத்தில் மிருகாசுபத்திரி என்று சொல்லும் கால்நடை ஆஸ்பத்திரியிலும் பார்ப்பார்கள். பெரிய சிக்கல் என்றால் நமக்கு உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அவர்களுக்குத் திருச்சூர் மண்ணுத்தியில் இருக்கிறது. முயல் வாங்கும்போதே சந்தையில் காதுக்குள்ளும், மூக்கு நுனியிலும், பாதத்தின் அடியிலும் பார்த்து வாங்கினால் இதில் பாதிச் செலவு மிச்சம். புதிதாக வாங்கியதை இரண்டு மூன்று வாரமாவது தனிக்கூண்டில் வைத்துவிட்டுப் பிறகு மற்றதோடு விடுங்கள்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இரண்டு. அந்தப் பெட்டிச் செய்திக்கு அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். உள்பக்க மூலையில் இரண்டு வரி போட்டால் யார் கண்ணிலும் படாது. அந்தப் பெட்டியைக் கத்தரித்து மடித்து வைத்துக்கொண்டு கடைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். பேப்பரிலேயே போட்டிருக்கிறதே என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். இரண்டாவது, கூண்டு அடிக்கும் பட்டறைக்காரர்கள் உங்கள் பேப்பரைத்தான் டீக்கடையில் படிக்கிறார்கள். அடியில் பலகை வைத்த கூண்டின் படம் ஒன்றை அளவோடு போட்டால் அவர்கள் அப்படியே செய்து கொடுப்பார்கள். படம் வேண்டுமானால் எங்கள் வீட்டுக் கூண்டையே எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கால்நடை மருந்துக் கடைக்காரி,
கோபாலபுரம், பொள்ளாச்சி வழி.